நம் ஆசை ஆய்வுக்குள் புகுந்துவிடும் இடங்கள்

மொரீஷியஸில் உளவியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒரு மாணவி எழுதியிருக்கிறார். ஆரம்பப் பள்ளியில் தமிழை விருப்ப மொழியாக எடுத்த பிள்ளைகளுக்கும் எடுக்காத பிள்ளைகளுக்கும் நினைவாற்றலில் வித்தியாசம் உண்டா என்பது அவருடைய ஆய்வு. சனிக்கிழமைகளில் கோவில் வகுப்பில் தமிழும் சொல்லிக்கொடுக்கிறார். "நான் நேர்மையாகத்தான் செய்யப்போகிறேன். ஆனால் உன் சார்பு முடிவில் புகாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று வழிகாட்டி கேட்கிறார். என்ன எழுதுவது?" என்பது அவருடைய கேள்வி.

அம்மா, வழிகாட்டியின் கேள்வியை உங்கள் நேர்மைமேல் வந்த சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்மை உள்ளவர்களுக்காகவே கேட்கப்படும் கேள்வி அது. பொய்க்கணக்கு எழுதுகிறவர்களைப் பிடிக்க வேறு வழிகள் இருக்கின்றன. உண்மையைத் தேடித்தான் கிளம்புவோம், போகிற வழியில் நம் ஆசையும் நமக்குத் தெரியாமல் கூடவே வந்துவிடும். உங்கள் விஷயத்தில் அந்த ஆசை சின்னதும் இல்லை. தமிழ் படித்தால் பிள்ளைக்கு நல்லது என்று முடிவு வந்தால் உங்களுக்கு மகிழ்ச்சி, வகுப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கு மகிழ்ச்சி, இந்தத் தீவில் தமிழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளியில் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு, இங்கே அன்றாடம் பேசும் கிரியோல் மொழியில் ஒரு குட்டிக் கதை சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். கதையை இருபது துண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். ஞாபகம் வந்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மார்க். மீனவர் படகைக் கரையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார் என்பது ஒரு துண்டு. தமிழ் வகுப்புப் பையன் ஒருவன் "படகை விட்டுட்டுப் போனார்" என்றான். பொருள் ஏறக்குறைய வந்துவிட்டதே என்று மார்க் போட்டேன். நான்கு நாள் கழித்து வேறு வகுப்புப் பெண் ஒருத்தி "படகு அங்கேயே இருந்தது" என்றாள். கட்டியதைச் சொல்லவில்லையே என்று பூஜ்யம் போட்டேன். அந்தந்த நேரத்தில் இரண்டு தீர்ப்பும் எனக்கு நியாயமாகவே பட்டன.

பிறகு ஒரு சக ஊழியர் கேசட்டைக் கேட்டு, எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று தெரியாமல் மார்க் போட்டார். எங்கள் இரண்டு பட்டியல்களும் ஒத்துப்போகவில்லை. அதைவிட, கேசட்டில் என் குரலைக் கேட்டதுதான் என்னை உலுக்கியது. சில பிள்ளைகள் நிறுத்தியதும் "மெர்சி", அதாவது நன்றி, என்று முடித்துவிடுகிறேன். சில பிள்ளைகள் நிறுத்தினால் "ம்ம்..." என்று இழுத்துக் காத்திருக்கிறேன். அந்த ஒரு "ம்ம்"முக்குள் பிள்ளைக்கு இன்னும் இரண்டு துண்டு ஞாபகம் வந்துவிடுகிறது. யாருக்கு "மெர்சி" சொன்னேன், யாருக்கு "ம்ம்" சொன்னேன் என்று உங்களுக்கே புரியும். அந்தத் தரவை நான் எங்கும் பயன்படுத்தவில்லை.

ஆய்வாளரின் எதிர்பார்ப்பு முடிவை எப்படி மாற்றுகிறது என்று ஆராயும் துறையையே தொடங்கி வைத்த உளவியலாளர் ராபர்ட் ரோசன்தாலுக்கும் இப்படித்தான் கண் திறந்தது. 1956இல் முடித்த தன் முனைவர் ஆய்வைத் திருப்பிப் பார்த்தபோது, சோதனை ஆரம்பிக்கும் முன்பே, முன்தேர்விலேயே குழுக்களுக்கிடையே வித்தியாசம் விழுந்திருந்ததைக் கண்டார். தன்னை அறியாமல் ஆளுக்கு ஒரு மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்கே பட்டது. 1963இல் வெளியான எலிச் சோதனை அதிலிருந்து பிறந்தது. சாதாரண ஆய்வுக்கூட எலிகளை மாணவர்களிடம் கொடுத்து, சிலரிடம் "இவை புத்திசாலி வம்சம்" என்றும் சிலரிடம் "இவை மந்தம்" என்றும் சொன்னார்கள். எலிகளுக்குள் எந்த வேறுபாடும் கிடையாது. ஆனாலும் "புத்திசாலி" எலிகள் புதிர்ப்பாதையில் மேலாகச் செய்தன. அவற்றை வைத்திருந்த மாணவர்கள் தங்கள் எலிகளை மென்மையாகக் கையாண்டதாகச் சொன்னார்கள். எலிக்கே இப்படி என்றால், நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்!

இன்னொரு சோதனையை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். முதுமையை நினைவூட்டும் சொற்களை வைத்து வாக்கியம் அமைத்தவர்கள் பிறகு நடைபாதையில் மெதுவாக நடந்தார்கள் என்று 1996இல் ஜான் பார்க் குழுவினர் எழுதினார்கள். அந்த ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. 2012இல் பெல்ஜியத்தில் ஸ்டெஃபான் டோயனும் மற்றவர்களும் அதையே திரும்பச் செய்தார்கள். நேரத்தை மனிதர் பார்க்காமல் அகச்சிவப்புக் கருவி அளந்தது. வித்தியாசம் வரவில்லை. பிறகு சோதனை நடத்துபவர்களில் பாதிப் பேரிடம் "மெதுவாக நடப்பார்கள்" என்றும் மீதிப் பேரிடம் "வேகமாக நடப்பார்கள்" என்றும் சொல்லி வைத்தார்கள். மெதுவாக நடப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களிடம் வந்து முதுமைச் சொற்களைப் பார்த்தவர்கள் உண்மையிலேயே மெதுவாக நடந்தார்கள். கருவியிலும் அது பதிவானது. எதிர்பார்ப்பு ஸ்டாப்வாட்சை அமுக்கும் விரலோடு நிற்கவில்லை, எதிரில் இருந்தவரின் கால் வரைக்கும் போய்விட்டது. அதனால் "நான் மார்க்கைச் சரியாகப் போடுகிறேன், அது போதும்" என்று நினைத்துவிடாதீர்கள். மார்க் போடுவதற்கு முன்பே பிள்ளையின் செயல் மாறியிருக்கலாம்.

சரி, உங்கள் ஆய்வுக்கு வருவோம். எண்களைக் கேட்டு வரிசையாகத் திருப்பிச் சொல்லும் சோதனையைச் செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடிக்கு ஓர் எண் என்று விதி. நேரில் வாசித்தால் அந்த விதி நிற்காது. பிள்ளை தடுமாறினால் நம் வாசிப்பும் இரக்கத்தில் மெதுவாகும். கடைசி எண்ணில் குரல் இறங்கும். இரண்டிரண்டாகச் சேர்த்து வாசித்துவிடுவோம், சேர்த்துக் கேட்டால் ஞாபகம் வைப்பது சுலபம். எனவே எல்லா வரிசைகளையும் ஒரே குரலில் முன்பே பதிவு செய்து, ஹெட்ஃபோனில் போட்டுவிடுங்கள். தொடக்க விளக்கத்தையும் பதிவிலேயே வைத்துவிடுங்கள். பிள்ளை நிறுத்தினால் எத்தனை நொடி காத்திருப்பது, என்ன சொல்வது என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் "ம்ம்"முக்கு இடமே இருக்கக் கூடாது.

எந்த மொழியில் சோதிப்பது என்பதிலும் சார்பு ஒளிந்திருக்கும். கிரியோலில் எண்கள் குட்டை: என், தே, த்ருவா, கத். தமிழில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஒவ்வொன்றும் நீளம். சொல்ல அதிக நேரம் பிடிக்கும் எண்களைக் குறைவாகத்தான் மனத்தில் தாங்க முடியும். வெல்ஷ் மொழி எண்களையும் ஆங்கில எண்களையும் ஒப்பிட்டு 1980இல் எல்லிஸும் ஹென்னலியும் இதைக் காட்டினார்கள். தமிழ் வகுப்புப் பிள்ளைகளைத் தமிழிலும் மற்றவர்களைக் கிரியோலிலும் சோதித்தால் நீங்கள் அளப்பது நினைவாற்றலாக இருக்காது. எல்லோருக்கும் கிரியோல் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

இனி உங்கள் ஆய்வில் மிகக் கடினமான பகுதி: யார் எந்தக் குழு என்று சோதிப்பவருக்குத் தெரியாமல் வைப்பது. மருந்துச் சோதனையில் இது எளிது, இரண்டு மாத்திரையையும் ஒரே நிறத்தில் செய்துவிடலாம். நம் ஊரில் வகுப்புப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில், பெயரை வைத்தே எந்தப் பிள்ளை எந்த மொழி வகுப்பு என்று நீங்களும் நானும் சொல்லிவிடுவோம். நெற்றியில் விபூதி இருந்தால் பெயர்கூட வேண்டியதில்லை. உங்களைக் கோவிலில் பார்த்த பிள்ளை "வணக்கம் மிஸ்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வரும். அந்த ஒரு வணக்கத்தோடு எல்லாம் முடிந்தது.

அதனால் சோதனை அறையில் நீங்கள் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கருதுகோள், அதாவது என்ன முடிவை எதிர்பார்க்கிறீர்கள் என்பது, தெரியாத ஒருவரை, கூடுமானால் தமிழ்ச் சூழலுக்கு வெளியே உள்ள வகுப்புத் தோழர் ஒருவரை, உட்கார வையுங்கள். "பிள்ளைகளின் நினைவாற்றல் ஆய்வு" என்பதோடு அவருக்குச் சொல்வது நிற்கட்டும். பிள்ளைகள் பெயரில்லாமல் எண் அட்டையோடு வரட்டும். தமிழ் வகுப்பு முழுவதும் காலையில், மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று அனுப்பாமல், வரிசையைக் குலுக்கிக் கலந்து அனுப்பச் சொல்லி ஆசிரியரிடம் பட்டியலைக் கொடுங்கள். இவ்வளவு செய்தும் சோதிப்பவர் ஊகித்துவிடலாம். அதையும் அளந்துவிடலாம்: ஒவ்வொரு பிள்ளை போனதும் "இந்தப் பிள்ளை எந்த மொழி எடுத்திருக்கும்?" என்று அவர் ஊகிப்பதை, மற்ற சில சாதாரணக் கேள்விகளோடு கலந்து எழுதி வாங்குங்கள். கண்ணைக் கட்டியது எவ்வளவு தூரம் நின்றது என்பதை அந்த ஊகங்களின் கணக்கோடு அறிக்கையில் சொல்லுங்கள். பல பேர் செய்யாமல் விடும் வேலை இது, ஆனால் படிப்பவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வருவது இங்கேதான்.

பிள்ளைகளின் பக்கத்திலிருந்தும் ஆபத்து உண்டு. சோதனைக்கு வருகிறவர் சோதனை நடத்துகிறவரை ஏமாற்றமடைய விடமாட்டார். 1962இல் மார்ட்டின் ஓர்ன் எழுதியதை நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். யாரும் சீக்கிரம் சலித்து நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்து, ஒரு தாளுக்கு 224 கூட்டல் கணக்கு வீதம் 2000 தாள்களை ஆளுக்குக் கொடுத்தார். ஐந்தரை மணி நேரம் போன பிறகு சோதனை நடத்தியவர்தான் கைவிட்டார். முடித்த ஒவ்வொரு தாளையும் 32 துண்டாகக் கிழித்துப் போடச் சொல்லிப் பார்த்தார், அப்போதும் உட்கார்ந்து செய்தார்கள். பெரியவர்களே இப்படி என்றால், சனிக்கிழமை வகுப்பில் உங்கள் கையால் நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கும் பிள்ளை, தமிழைப் பற்றிய சோதனை என்று தெரிந்தால் உயிரைக் கொடுத்துச் செய்யும். பெற்றோருக்கு அனுப்பும் சம்மதக் கடிதத்தில் பொய் சொல்லக் கூடாது. அதே சமயம் "தமிழின் பயன்" என்ற தலைப்பும் அதில் வேண்டாம். "மொழிக் கல்வியும் நினைவாற்றலும்" என்றால் உண்மையும் கெடாது, குறிப்பும் கிடைக்காது.

ஆள் பார்த்துப் போடும் மார்க்கே தேவைப்படாத அளவுகோல் கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நம் தைப்பூசக் காவடியை வைத்து டிமிட்ரிஸ் ஸிகலாடஸும் குழுவினரும் இங்கே செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். வலி தாங்கும் சடங்கு மனிதரைக் கொடையாளி ஆக்குகிறதா என்பது அவர்கள் கேள்வி. "உங்களுக்கு ஈகை உணர்வு வந்ததா?" என்று கேட்டிருந்தால் யார்தான் இல்லை என்பார்கள்? அதற்குப் பதில், பங்கெடுத்ததற்குப் பணம் கொடுத்து, அதில் கோவிலுக்கு எவ்வளவு போடுகிறார்கள் என்பதைப் பெயர் தெரியாத வகையில் பார்த்தார்கள். கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்களைவிடக் காவடிக்கு வந்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள். ரூபாயை எண்ணுவதில் ஆய்வாளர் மனசு எதுவும் செய்ய முடியாது.

கதை சொல்லும் சோதனை மாதிரி மார்க் போட்டே ஆக வேண்டியது இருந்தால் இரண்டு பேர் தனித்தனியாக, குழு தெரியாமல் போடட்டும். ஒத்துப்போகும் அளவை ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா எண்ணால் சொல்லிவிடலாம். "ஏறக்குறைய சரி" என்ற பதிலுக்கு என்ன மார்க் என்பதை முதல் பதிலைக் கேட்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் அடைபடாத ஓட்டை ஒன்று உண்டு. உங்கள் இரண்டு குழுக்களும் குலுக்கிப் போட்டுப் பிரித்தவை இல்லை. இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, அரபு, சீனம், 2012 முதல் கிரியோலும் என்று இருக்கும் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர். பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கும் அம்மா, சாயங்காலம் வீட்டுப்பாடத்தையும் பிடிவாதமாகப் பார்க்கிறவராக இருக்கலாம். வித்தியாசம் வந்தால் அது தமிழாலா, அந்த அம்மாவாலா? உங்கள் மனம் "தமிழால்" என்று எழுதத் துடிக்கும். அப்படி எழுத உங்கள் தரவுக்கு உரிமை இல்லை. உங்கள் கோவில் வகுப்பில் இருக்கிற இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வருகிறதா? வருகிறது என்றால் குலுக்கல் போட்டு இந்தப் பருவத்துக்குப் பாதிப் பேரையும் அடுத்த பருவத்துக்கு மீதிப் பேரையும் சேர்க்கலாம். விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் அதே மாதிரிப் பெற்றோர்தான், அதனால் அது உண்மையான பரிசோதனை ஆகிவிடும். வழிகாட்டியிடம் இதைக் கேட்டுப்பாருங்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த வழி.

காலவரிசையும் ஒரு விதத்தில் ஆய்வாளரின் கண்ணைக் கட்டிவிடும். நம் காத்ர் போர்னிலும் வாக்வாவிலும் 1795 பிள்ளைகளை மூன்று வயதில் சோதித்த ஆய்வு 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. பீட்டர் வெனபிள்ஸ், ஏட்ரியன் ரெயின் ஆகியோர் பெயர்களோடு அது உலகெங்கும் அறியப்படுகிறது. பயத்துக்குத் தோலில் எழும் மின் மாற்றத்தை அப்போதே பதிந்து வைத்தார்கள். இருபது வருடம் கழித்து, அந்தப் பிள்ளைகளில் குற்ற வழக்கில் தண்டனை பெற்ற 137 பேரையும் அப்படிப் பெறாத 274 பேரையும் ஒப்பிட்டு 2010இல் எழுதினார்கள். மூன்று வயதுக் குழந்தையின் விரலில் மின்முனையை ஒட்டியவருக்கு அது பிற்காலத்தில் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வழியே இல்லை. உங்களுக்கு இருபது வருடம் இல்லை. ஆனால் முதல் வகுப்பில் மொழி வகுப்புகள் தொடங்கும் முன் ஒரு தடவையும் வருடக் கடைசியில் ஒரு தடவையும் அளந்தால் அதில் ஒரு துளி நன்மை கிடைக்கும்.

அடுத்தது கணக்குப் போடும் மேஜை. சோதனை அறையைவிட இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே நாம் தனியாக இருக்கிறோம். "இந்தப் பிள்ளைக்கு அன்று ஜலதோஷம், எடுத்துவிடலாம்." "பெண்பிள்ளைகளை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறதே." "இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துப் பார்ப்போம்." ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகவே ஒலிக்கும். 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் இப்படிப்பட்ட நான்கு சலுகைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணித்துக் காட்டினார்கள்: 5% இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பின் வாய்ப்பு ஏறக்குறைய 61% ஆகிவிடுகிறது. ஆசை எதுவும் இல்லாதவர்கள்கூட ஒரே தரவிலிருந்து வேறுவேறு முடிவுக்கு வருவார்கள். கறுப்பு நிற வீரர்களுக்குக் கால்பந்து நடுவர்கள் அதிகம் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா என்று 29 குழுக்களிடம் ஒரே தரவைக் கொடுத்தார்கள். 20 குழுக்கள் ஆம் என்றன, 9 குழுக்கள் அப்படிச் சொல்லுமளவுக்கு இல்லை என்றன. 2018இல் இது வெளியானது.

இதற்கு மருந்து, முன்பதிவு. எத்தனை பிள்ளைகள், எந்த அளவுகோல் முதன்மை, யாரை எந்தக் காரணத்துக்கு நீக்குவது, எந்தக் கணக்கு என்று எல்லாவற்றையும் தரவு வருவதற்கு முன் எழுதி, தேதி முத்திரையோடு பொது இடத்தில் போட்டுவிடுவது. ஓபன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க் என்ற தளத்தில் காசில்லாமல் செய்யலாம். பிறகு மனம் மாறினால் மாறலாம், ஆனால் மாறியது எல்லோருக்கும் தெரியும். இதன் பலம் எவ்வளவு என்று கேட்டால், இதற்கும் ஒரு படி மேலான ஏற்பாட்டைப் பாருங்கள்: திட்டத்தை மட்டும் பார்த்து முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளப்பட்ட உளவியல் கட்டுரைகளில் 44%தான் எதிர்பார்த்த முடிவைக் கண்டன. வழக்கமான கட்டுரைகளில் அது 96%. ஷீல், ஷைன், லாக்கன்ஸ் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஒப்பீடு இது. அந்த இடைவெளி முழுவதும் சார்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய பங்கு அதுதான் என்று நான் நம்புகிறேன்.

இதோடு இன்னொன்றும் செய்யுங்கள். தரவுத் தாளில் "தமிழ்", "மற்றவை" என்ற பத்தியை ஒரு தோழியிடம் கொடுத்து "மாம்பழம்", "லிச்சி" என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். எந்தப் பழம் எந்தக் குழு என்பது உறையில் இருக்கட்டும். ஜலதோஷப் பிள்ளையை வைப்பதா எடுப்பதா என்ற வழக்குகளை எல்லாம் தீர்த்து, கணக்கைப் போட்டு முடித்து, அட்டவணையை எழுதிய பிறகு உறையைப் பிரியுங்கள். இயற்பியலில் பல காலமாக இருக்கும் பழக்கம் இது.

உங்கள் தலைப்பிலேயே இருக்கும் ஒரு வரலாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மொழி தெரிந்தால் மூளைக்குக் கூடுதல் பலம் என்று எவ்வளவோ கட்டுரைகள் உண்டு. 1999 முதல் 2012 வரை மாநாடுகளில் வாசிக்கப்பட்ட 104 சுருக்கங்களை டி புருயினும் மற்றவர்களும் 2015இல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பலம் உண்டு என்றவை கட்டுரையாக அதிகம் வெளிவந்தன, இல்லை என்றவை குறைவாகவே வெளிவந்தன. 2018இல் லெஹ்டோனன் குழுவினர் 152 ஆய்வுகளைச் சேர்த்து, இந்த வெளியீட்டுச் சார்பைக் கழித்துப் பார்த்தபோது பெரியவர்களிடம் அந்தப் பலத்துக்கு நிலையான சான்று மிஞ்சவில்லை. உங்கள் முடிவு "வித்தியாசம் இல்லை" என்று வந்தால் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். அதையும் அதே அக்கறையோடு எழுதுங்கள். தமிழ் படிக்க நமக்கு இருக்கும் காரணம் பாட்டி பேசிய மொழி, கோவிலில் பாடும் தேவாரம். நினைவாற்றல் மார்க்கை நம்பி அது நிற்கவில்லை.

வழிகாட்டியைத் தவிர இன்னொருவரிடமும் திட்டத்தைக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோலே போதும், நான்காவது மொழி சுமை என்று உண்மையாக நம்பும் ஆசிரியர் ஒருவர் உங்கள் பள்ளியிலேயே இருப்பார். எதிர்க்கருத்து உள்ளவரோடு சேர்ந்தே சோதனையை வகுக்க வேண்டும் என்று உளவியலாளர் டேனியல் கானமன் வலியுறுத்திவந்தார். "என்ன முடிவு வந்தால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள்?" என்று அவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் பதிலையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

முதல் பள்ளிக்குப் போவதற்கு முன், தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்து ஒத்திகை பாருங்கள். போனில் ஒலிப்பதிவு செய்து, அன்றிரவே உங்கள் தோழரும் நீங்களும் சேர்ந்து கேளுங்கள். எழுதி வைத்ததற்கு மேல் வந்த ஒவ்வொரு "ம்ம்", "வெரி குட்", "இன்னும் கொஞ்சம் யோசி" எல்லாவற்றையும் தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். அந்த எண் பூஜ்யம் ஆகும் வரை ஒத்திகை நடக்கட்டும். ஒத்திகைப் பிள்ளைகளின் மார்க்கை மட்டும் ஆய்வுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.